தோள் இறுக்கம்: கையைத் தூக்க முன்னம் வெளியே திருப்புங்கள்

தோள் இறுகிப்போனவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "கை மேல போகுதில்லை." கிணத்தடியில் வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றேலாது, கொடியில் உடுப்புப் போடேலாது, நல்லூரில் அரோகரா சொல்லித் தலைக்கு மேலே கை கூப்பேலாது. ஆகவே வீட்டில் செய்கிற பயிற்சியும் கையை மேலே தூக்குவதாகவே இருக்கும். சுவரில் விரலை வைத்து ஏறுவார்கள். ஒரு மாதம் போனாலும் அதே உயரத்தில்தான் நிற்பார்கள். காரணம், புறோசன் சோல்டர் (frozen shoulder) என்று சொல்லும் இந்தத் தோள் இறுக்க நோயில் அதிகம் பறிபோவது கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவு. அது திரும்பி வராமல் கை முழுதாக மேலே போகாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி 90 பாகையில் மடியுங்கள், பெருவிரல் மேலே பார்க்கட்டும். முழங்கை விலாவை விட்டு விலகாமல் முன்னங்கைகளை வெளிப்பக்கமாக விரியுங்கள். நல்ல கை 60 பாகையளவில் போகும். இறுகிய கை 10, 20 பாகையில் நின்றுவிடும், சிலருக்கு நேர்முன்னே பார்த்தபடி அசையாமலே நிற்கும். பிறகு வீட்டில் ஒருவரை அந்தக் கையை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். அவர் திருப்பினாலும் அதே இடத்தில்தான் நிற்கிறதென்றால் மூட்டு உறை இறுகியிருக்கிறது. நீங்கள் தூக்க முடியாத கையை இன்னொருவர் இலகுவாகத் தூக்கிவிட்டால் அது வேறு சங்கதி. தசைநார் கிழிந்திருக்கலாம். அதற்கு வைத்தியமும் வேறு, பயிற்சியும் வேறு. மூட்டுத் தேய்மானமும் இதே மாதிரி இறுக்கும் என்பதால் ஒரு எக்ஸ்ரே எடுப்பது அவசியம். புறோசன் சோல்டரில் எக்ஸ்ரே பொதுவாகச் சுத்தமாகவே இருக்கும். "படத்தில ஒண்டும் இல்லை" என்று சொன்னால் நோய் இல்லையென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. வழமையாக அதற்குள் 20, 30 மில்லிலீற்றர் திரவம் கொள்ளுமளவுக்குத் தளர்வு உண்டு. நோய் முற்றினால் 10 மில்லிலீற்றர் கொள்வதே பாடு. சட்டையில் கமக்கட்டடியில் தொங்கும் மிச்சத் துணி மாதிரி, உறையின் அடிப்பக்கத்திலும் ஒரு மடிப்பு உண்டு. சட்டையில் அந்தத் துணியைச் சேர்த்துத் தைத்துவிட்டால் கை எப்படி உயராதோ, இங்கேயும் அப்படித்தான். முன்பக்கத்தில் கொரக்கோஹியூமரல் என்ற இணைப்புநாணும் தடித்துச் சுருங்கும். வெளித்திருப்பத்தை மறிப்பது முக்கியமாக அதுதான். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது மேற்கை எலும்பின் முண்டு மேலே உள்ள தோள்பட்டை எலும்பில் இடிபடாமல் பின்பக்கமாக விலக வேண்டும். அதை விலக்குவது வெளித்திருப்பம். திருப்பம் இல்லாத கையை வலிந்து மேலே தள்ளினால் முண்டு போய் இடிக்கும், நோ கூடும், இடையில் இருக்கும் தசைநாரும் நசுங்கும்.

பெரும்பாலும் 40இலிருந்து 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூட வரும். சலரோகம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட வரும், வந்தால் இழுபடும் காலமும் கூட. தைரொயிட் பிரச்சினை உள்ளவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள், மார்பகச் சத்திரசிகிச்சை செய்தவர்கள், மோட்டார் சைக்கிளால் விழுந்து கையைக் கட்டித் தூக்கிக்கொண்டு கிழமைக் கணக்கில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஆபத்து உண்டு. காரணமே இல்லாமல் தோள் இறுகினால் முதலில் சீனியைச் சோதித்துப் பாருங்கள். HbA1c என்று எழுதித் தருவார்களே, அந்தச் சோதனை. தோளைக் காட்டப் போய்ச் சலரோகம் இருப்பதை அறிந்தவர்கள் எங்கள் பக்கம் குறைவில்லை.

நோய்க்கு மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் நோ ஆட்சி செய்யும், கிட்டத்தட்ட 2 முதல் 9 மாதம். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்கேலாது, தற்செயலாகக் கை இழுபட்டால் உயிர் போகும். இரண்டாவதில் நோ தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும், 4 முதல் 12 மாதம். மூன்றாவதில் மெதுவாக இளகும், அது 5 மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் செய்ய வேண்டியவை ஒன்றுக்கொன்று எதிர். இது தெரியாமல் நோ உச்சத்தில் இருக்கும்போது "இழுத்தால்தான் விடும்" என்று பிடித்து இழுப்பதுதான் எங்கள் ஊரில் நடக்கும் பெரிய அநியாயம். நெதர்லாந்தில் 77 பேரை இரண்டு வருடம் பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், நோவின் எல்லைக்குள் மட்டும் அசைத்தவர்களில் 89 சதவீதம் பேர் நல்ல நிலைக்கு வந்தார்கள். நோவைத் தாண்டி வலிந்து இழுத்த கூட்டத்தில் 63 சதவீதம். எண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதில் குறையில்லை, சூட்டுக்குத் தசை தளரும். ஆனால் கையை முறுக்கி "சடக்" என்று நெட்டி எடுப்பவரிடம் தோளைக் கொடுக்க வேண்டாம். எலும்பு தேய்ந்த பெண்களுக்கு மேற்கை முறிந்தே போகலாம்.

நோக் கட்டத்தில் முதல் வேலை நித்திரை. மல்லாந்து படுத்து, மேற்கைக்கும் முழங்கைக்கும் கீழே ஒரு தலையணையை மடித்து வையுங்கள். முழங்கை உடம்பின் மட்டத்துக்குக் கீழே தொங்கினால்தான் விடியப்புறம் நோ எழுப்பும். நல்ல பக்கம் சரிந்து படுப்பவர்கள் நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்து, நோகும் கையை அதன்மேல் போடலாம். கையைக் கட்டித் தொங்கவிட வேண்டாம், இறுக்கத்தை அது கூட்டும். பெனடோல் 500 மில்லிகிராம் வில்லை இரண்டைப் படுக்கைக்குப் போகமுன் போடலாம். ஈரல் நோய் இல்லாத வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு வில்லைக்கு மேல் கூடாது. டைக்குளோபெனக் போன்றவற்றை பார்மசியில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சலரோகக்காரரின் சிறுநீரகத்துக்குக் கேடு. ஒத்தணத்துக்குச் சுடுநீர்ப் பையைத் துவாயில் சுற்றிப் 10, 15 நிமிடம் வைத்தால் போதும். தோலில் உணர்வு குறைந்தவர்கள் சூட்டை மற்றக் கையால் பார்த்துவிட்டு வையுங்கள்.

இந்தக் கட்டத்துக்கு ஊசல் பயிற்சி போதும். 1934இல் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதிய அமெரிக்க வைத்தியர் கொட்மனின் பெயரால் அழைக்கப்படுவது இது. மேசை விளிம்பில் நல்ல கையை ஊன்றி இடுப்பிலிருந்து குனியுங்கள். நோகும் கை தானாகத் தொங்கட்டும். இப்போது உங்கள் உடம்பை முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டில் ஆட்டுங்கள், கை அதோடு ஆடும். சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டம் போதும். ஒரு தடவைக்கு ஒன்று இரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. கையைத் தசையால் சுழற்றுவதுதான் இதில் எல்லாரும் விடும் பிழை. தோள்த்தசை இறுகினால் பயிற்சியே வீண்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பத்துக்கு எத்தனை என்று நோவுக்குப் புள்ளி போடுங்கள். செய்யும்போது 3, 4 வரை பரவாயில்லை. நிறுத்தி அரை மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். அன்றிரவு வழமையைவிட நொந்தால் அடுத்த நாள் அரைவாசியாகக் குறையுங்கள். ஐந்து நிமிடமாக மூன்று தடவை செய்வது, ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

இரவில் நோ எழுப்பாமல் விட்டபிறகு இழுவைக்கு வரலாம். அதிலும் முதலில் வெளித்திருப்பம்.

தும்புத்தடியின் பிடி ஒன்று, மூன்றடி அளவில், எடுங்கள். பாயில் மல்லாந்து படுத்து, நோகும் பக்க முழங்கைக்குக் கீழே ஒரு துவாயை மடித்து வையுங்கள். விலாவுக்கும் முழங்கைக்கும் இடையில் இன்னொரு சிறிய துவாயைச் சுருட்டிச் செருகுங்கள். முழங்கை 90 பாகை மடிந்திருக்க, தடியின் ஒரு நுனி நோகும் உள்ளங்கையில், மற்ற நுனி நல்ல கையில். நல்ல கை தடியைத் தள்ள, நோகும் கை வெளிப்பக்கமாகத் திரும்பும். இறுகி நிற்கும் இடத்தில் 20, 30 செக்கன் வைத்திருந்து மெதுவாகத் திரும்ப வாருங்கள். ஐந்து தடவை.

ஏமாற்று வேலை நடப்பதும் இங்கேதான். துவாய்ச் சுருள் விழுந்தால் முழங்கை விலாவை விட்டுப் போய்விட்டது, திரும்பியதாகத் தெரிவது திருப்பமில்லை. மணிக்கட்டு மட்டும் பின்னுக்கு வளையும், பார்க்க 20 பாகை கூடினமாதிரி இருக்கும். முன்னங்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, முழு உடம்பும் அந்தப் பக்கம் உருளும். எதிர்ப்பக்கத் தோள் பாயிலிருந்து கிளம்பினால் தெரிந்துகொள்ளுங்கள்.

படுத்துச் செய்வது இலகுவானபின் கதவு நிலைக்குப் போகலாம். முழங்கை விலாவோடு இருக்க, உள்ளங்கையை நிலையில் வைத்து, கையை அசைக்காமல் பாதங்களைச் சிறிது சிறிதாக எதிர்ப்பக்கம் நகர்த்தி உடம்பைத் திருப்புங்கள். கை இழுபடுவது அளவோடு இருக்கும், ஏனென்றால் பாதத்தை எவ்வளவு நகர்த்துவது என்பது உங்கள் கையில்.

இதோடு சேர்த்து மேசையில் சறுக்கல்: கதிரையில் இருந்து, உள்ளங்கைக்குக் கீழே ஒரு துணி போட்டு, நெஞ்சு மேசையை நோக்கிக் குனியக் கையை முன்னே சறுக்குங்கள். வெளித்திருப்பம் 30, 40 பாகைக்கு வந்தபிறகு சுவர் ஏற்றம் பலன் தரும். ஏறும்போது கண்ணாடி பாருங்கள். தோள் காதை நோக்கி உயர்ந்தால் நிறுத்தி, ஓர் அங்குலம் கீழே இறங்குங்கள். மூட்டு அசையவில்லை, தோள்பட்டை எலும்பு மட்டும் மேலே போகிறது. இறங்கும்போதும் விரலாலேயே இறங்குங்கள், கையைத் தொப்பென்று விட வேண்டாம். கூரை வளையில் சின்னக் கப்பி கட்டி, நல்ல கை கீழே இழுக்க நோகும் கை மேலே போகும்படி செய்வதும் நல்லது. கிணற்றுக் கப்பியில் வாளியோடு முயற்சிக்க வேண்டாம்.

முதுகுக்குப் பின்னால் கை கொண்டுபோவது கடைசியில்தான் வரும். பிராவின் கொக்கி, சாரத்தைப் பின்னால் செருகுவது, பின்பொக்கற்றில் பேர்ஸ் எடுப்பது எல்லாம் அந்த அசைவு. அதற்கு அவசரப்பட்டுத் துவாயால் மேலே இழுத்தால் தோளின் முன்பக்கம் குத்தும். முதலில் கையைப் பின்னால் கொண்டுபோய் நாரியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சறுக்கப் பழகுங்கள். அது நோகாமல் வந்தபின் நல்ல கையைத் தோளுக்கு மேலால் விட்டுத் துவாயைப் பிடித்து மெல்ல மேலே இழுக்கலாம், 15 செக்கன், ஐந்து தடவை.

அளவெடுப்பது இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போதும், நாள்தோறும் அளந்தால் மனம்தான் சோரும். சுவரிலிருந்து ஒரே தூரத்தில் கால் விரல்களை வைத்து, தோளை உயர்த்தாமல் விரல் நுனி தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். பின்பக்கத்துக்குப் பெருவிரல் எங்கே தொடுகிறது என்று குறியுங்கள்: குண்டி, நாரி, விலா எலும்பின் அடி, தோள்பட்டை எலும்பின் கீழ்முனை.

மூட்டுக்குள் போடும் ஸ்ரீரொயிட் (steroid) ஊசியைப் பற்றிப் பயம் அதிகம். முதல் கட்டத்தில் போட்டால் நோவை நன்றாகக் குறைக்கும், பலன் சில கிழமைகள் தொடக்கம் சில மாதங்கள். பிந்திப் போட்டால் இறுக்கத்துக்குப் பெரிதாக உதவாது. சலரோகக்காரருக்குச் சில நாட்கள் சீனி ஏறும், ஆகவே குளுக்கோமீற்றரால் அடிக்கடி பாருங்கள், மருந்தை மாற்றுவதைக் கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள். ஊசி தரும் நோவில்லாத அந்த இடைவெளியில் பயிற்சி செய்யாவிட்டால் ஊசியில் பாதிப் பலன் போய்விடும்.

ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் ஒன்றும் அசையவில்லையென்றால் மயக்கம் கொடுத்துத் தோளை இளக்குவது, துளைவழி சத்திரசிகிச்சையால் உறையை வெட்டிவிடுவது என்ற வழிகள் உண்டு. பிரித்தானியாவில் 503 பேரில் இவ்விரண்டையும் ஸ்ரீரொயிட் ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபியோடு ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருட முடிவில் மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. சத்திரசிகிச்சை செய்தாலும் பயிற்சியிலிருந்து தப்ப முடியாது, செய்த கையோடு தொடங்க வேண்டும்.

விழுந்த பிறகு தோள் நோவது, காய்ச்சலோடு தோள் வீங்கிச் சிவப்பது, கை விறைத்துப் பலம் குறைவது, காரணமில்லாமல் மெலிவது இவற்றில் ஒன்று இருந்தால் பயிற்சியை விட்டுவிட்டு வைத்தியரிடம் போங்கள். இடது தோளில் நோவோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் அது தோள்நோய் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

அசைவு முக்கால்வாசி வந்தபிறகு பலம். மாதக்கணக்கில் வேலை செய்யாத தசை மெலிந்திருக்கும். முழங்கையை விலாவோடு மடித்து, புறங்கையைச் சுவரில் வைத்து வெளியே தள்ளுங்கள், கை அசையக் கூடாது. ஐந்து செக்கன், பத்துத் தடவை. உள்ளங்கையால் உள்ளேயும் அதே மாதிரி. நோகாவிட்டால் பழைய சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி யன்னல் கம்பியில் கட்டி இழுக்கலாம். பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவதை மட்டும் இன்னும் கொஞ்சக் காலம் தள்ளிப் போடுங்கள், ஒரு பிறேக்கில் கை இழுபட்டால் கிழமைக் கணக்கில் பின்னுக்குப் போகும். அதே தோளில் திரும்ப வருவது அரிது. மற்றத் தோளில் வருவது அவ்வளவு அரிதில்லை, சலரோகம் இருந்தால் இன்னும் கூட. ஆகவே மாதம் ஒருக்கால் நல்ல கையின் வெளித்திருப்பத்தையும் பாருங்கள். அது குறையத் தொடங்கினால் நோ ஏறும்வரை காத்திராமல் அந்த மாதமே கிளினிக்கில் காட்டுங்கள்.