ஆறு பதிவும் ஒரு தலைப்பும்

“சார், ட்விட்டர்ல ஆறு பேர்தான் எழுதியிருக்காங்க. ‘ரசிகர்கள்’னு போடலாமா?”

எங்கள் செய்தி டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் கேட்டது. 2019 டிசம்பர் 18, மதியம் இரண்டு மணி இருக்கும். ஸ்டார் வார்ஸ் தொடரின் ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ படத்துக்கான விமர்சன எம்பார்கோ, அதாவது குறித்த நேரம் வரை விமர்சனம் வெளியிடக் கூடாது என்ற தடை, நீங்கி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. “ஆறு பேரும் ரசிகர்கள்தானேம்மா, போடு” என்றேன். ‘மோசமான விமர்சனங்கள்: ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் அதிர்ச்சி’ என்று செய்தி போயிற்று.

இலக்கணப்படி அந்தப் பதிலில் பிழை கிடையாது. ஒன்றுக்கு மேல் இருந்தால் பன்மைதான். ஆனால் அவள் கேட்டது இலக்கணம் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அந்த ஆறு பதிவிலும் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். மூன்று பேர் வருத்தத்தில் இருந்தார்கள். மூவரும் தொடரில் இதற்கு முன் 2017இல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடை’ படத்தை நேசித்தவர்கள். அந்தப் படத்தில் இயக்குநர் ரையன் ஜான்சன் துணிந்து எடுத்த முடிவுகளில் இருந்து புதிய படத்தின் இயக்குநர் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் பின்வாங்கிவிட்டார் என்று பல விமர்சகர்கள் எழுதியிருந்தது அவர்களைச் சுட்டிருக்கிறது. இரண்டு பேர் சந்தோஷமாகவே இருந்தார்கள். போன படத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடிய அதே விமர்சகர்களுக்கு இது பிடிக்கவில்லை என்றால், நமக்குப் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆறாவது ஆள் 1980க்குப் போய்விட்டார்: ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்துக்கும் முதலில் இப்படித்தான் எழுதினார்கள், பொறுத்திருங்கள் என்று. (இந்த வாதம் ஒவ்வொரு ஸ்டார் வார்ஸ் படத்துக்கும் வரும். பாதி உண்மை. அன்று வந்தவை கலவையான விமர்சனங்கள். எல்லாரும் ஒருமுகமாகத் திட்டிய படம் அல்ல அது.)

ஆக, ஆறில் மூன்று பேருக்குத்தான் ‘அதிர்ச்சி’ பொருந்தும். மற்ற மூவரைத் தலைப்பு விழுங்கிவிட்டது.

அந்த எண்ணிக்கையை விடப் பெரிய தவறு ஒன்று இதில் இருக்கிறதோ என்று இப்போது தோன்றுகிறது. ஆறு பேரில் ஒருவர்கூடப் படம் பார்க்கவில்லை. படமே 20ஆம் தேதிதான் அமெரிக்காவில் வெளியாகிறது. அவர்கள் பேசியது இந்தப் படத்தைப் பற்றி அல்ல, இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்த சண்டையைப் பற்றி. ‘தி லாஸ்ட் ஜெடை’க்கு, விமர்சனங்களைத் திரட்டிச் சதவீதம் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர் கணக்கு 91 சதவீதம். அதே பக்கத்தில் பார்வையாளர் கணக்கு 40ஐ ஒட்டி நின்றது. முதல் நாள் தியேட்டர் வாசலில் சீட்டுக் கொடுத்துக் கருத்து வாங்கும் சினிமாஸ்கோர் கொடுத்த மதிப்போ ‘ஏ’. அந்தப் படத்தைத் தொடரின் கதையிலிருந்தே நீக்கச் சொல்லி ஆன்லைனில் ஒரு மனு ஓடியது. லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு ஆன பிறகு அடுத்த படத்தின் முதல் விமர்சனம் வந்தால், ஒரு கட்சிக்கு அது தோல்வி, இன்னொரு கட்சிக்கு அது வெற்றி. இரண்டு கட்சியையும் சேர்த்து ‘ரசிகர்கள்’ என்று ஓர் எழுவாயில் அடைத்து, ‘அதிர்ச்சி’ என்று ஒரே பயனிலையில் முடித்திருக்கிறோம்.

நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பொய்யும் இல்லை. டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே நள்ளிரவில் தடை நீங்கினால் இங்கே மதியம் ஒன்றரை. அரை மணியில் முதல் அலை வந்துவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் போடும் செய்தியை யாரும் தேடி வர மாட்டார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், ‘முதல் விமர்சனம்’ என்ற செய்திக்கு ஆயுள் மூன்று மணி நேரம் இருந்தாலே அதிகம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த விமர்சனங்களுக்கு முன்பே ஒரு சுற்று முடிந்திருந்தது. ஹாலிவுட்டில் பிரீமியர் 16ஆம் தேதி இரவு. பார்த்துவிட்டு வந்தவர்களின் ட்வீட்டுகள் நமக்கு 17ஆம் தேதி காலை ஷிஃப்டில் வந்து விழுந்தன. இந்த வகைப் படங்களுக்கு இரண்டு தடை உண்டு. முதலில் சமூக ஊடகத்தில் இரண்டு வரி எழுதலாம். முழு விமர்சனத்துக்கு அடுத்த தேதி. முதல் சுற்று எழுதுகிறவர்கள் அழைப்பின் பேரில் நடிகர்களோடு ஒரே அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள். அந்த உற்சாகம் எழுத்தில் இருக்கும். அதைப் படிக்க ஒரு வழி இருக்கிறது: எதைப் பாராட்டுகிறார்கள் என்பதை விட எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இசை அற்புதம், ஒரு நடிகர் பிரமாதம், காட்சிகள் பிரம்மாண்டம், கண் கலங்கினேன் என்று வரிசையாக வந்து, கதை, திரைக்கதை என்ற சொற்களே இல்லையென்றால் இரண்டு நாளில் வரப்போகும் விமர்சனம் கலவையாக இருக்கும். ‘தி லாஸ்ட் ஜெடை’யின் போது 2017 டிசம்பர் 9 பிரீமியர், 12 விமர்சனம்; இரண்டு சுற்றும் ஒரே திசையில் போயின. 2019இல் முதல் சுற்றிலேயே தயக்கம் தெரிந்தது. 17ஆம் தேதி நாங்கள் போட்ட தலைப்பு ‘பிரீமியர் பார்த்தவர்கள் நெகிழ்ச்சி’. மறுநாள் ‘அதிர்ச்சி’. அந்த நெகிழ்ச்சியை நாங்கள் ஊதாமல் இருந்திருந்தால் இந்த அதிர்ச்சிக்கு அவ்வளவு இடம் இருந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்து அந்தச் சதவீதம். அன்று செய்தியின் இரண்டாவது வரியிலேயே அது இருந்தது, எத்தனை விமர்சனத்தின் அடிப்படையில் என்ற எண்ணிக்கை இல்லாமல். ராட்டன் டொமேட்டோஸ் கணக்கு ஒரு படத்துக்குக் கிடைத்த மார்க் அல்ல. ஒவ்வொரு விமர்சனமும் சாதகமா பாதகமா என்று பிரித்து, சாதகமானவை நூற்றுக்கு எத்தனை என்று சொல்வது. பரவாயில்லை என்று எல்லாரும் சொன்னால் 100 வரும். பாதிப் பேர் காவியம் என்றும் பாதிப் பேர் குப்பை என்றும் சொன்னால் 50. விகடன் மார்க் பார்த்து வளர்ந்த வாசகர்கள் நாம். ‘51’ என்றால் நூற்றுக்கு 51 என்றுதான் கை தானாக மொழிபெயர்க்கும். பாஸ் மார்க் 35தானே என்றுகூட ஒருவர் கீழே எழுதியிருந்தார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, நாங்கள் விளக்கவில்லை. அந்தத் தளத்தில் கோடு 60இல் இருக்கிறது. அதற்குக் கீழே போனால் ‘அழுகல்’.

முதல் மணி நேரத்தில் அந்த எண்ணை நம்பவும் கூடாது. 30 விமர்சனத்தில் 17 சாதகம் என்றால் 57 சதவீதம், அழுகல் பட்டியல். அடுத்த மூன்றும் சாதகமாக வந்தால் 33க்கு 20, 61 சதவீதம், நல்ல பட்டியல். மூன்று பேர் தூங்கி எழுந்து எழுதினால் நம் தலைப்பு தலைகீழாகிவிடும். 500 விமர்சனம் சேர்ந்து 51இல் நிற்கும் படம் 60ஐத் தொட, இடையில் ஒரு பாதகமும் இல்லாமல் 113 சாதகமான விமர்சனம் வர வேண்டும். முதல் மணியில் எதுவும் நடக்கலாம், ஒரு வாரம் கழித்து எதுவும் நடக்காது. ஸ்கிரீன்ஷாட் போட்டால் நேரத்தையும் விமர்சனங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்பது அதனால்தான். அன்று வெட்டிய படத்தில் தக்காளியும் எண்ணும் மட்டும் இருந்தன.

கவனமாக இருந்த இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பாய்லர். ஆங்கிலத்தில் ஆள் பெயர் சொல்லாமல், ஆணா பெண்ணா என்றும் காட்டாமல் ‘திரும்பி வருகிற ஒருவர்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். தமிழில் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டில் ஒன்றைத் தொட்டாலே பாதி ரகசியம் போச்சு. ‘கதாபாத்திரம்’ என்று போட்டு அஃறிணையில் முடிப்பது பாதுகாப்பு. ட்வீட்டை அப்படியே செய்திக்குள் பதித்து எம்பெட் செய்தால் அதற்குக் கீழே தொங்கும் பதிலும் சில சமயம் கூடவே வந்துவிடும். அதனால் எம்பெட் செய்யாமல் சாரத்தை மட்டும் எழுத வைத்தேன். படம் வரும்வரை கதையைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று பெயர்களையெல்லாம் மியூட் செய்துவைத்துக் காத்திருக்கும் ரசிகர்மேல் அவ்வளவு அக்கறை இருந்தது. அதே ரசிகரின் மனநிலை என்ன என்று எழுதும்போது அந்த அக்கறை எங்கே போனது?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது: அந்த ஆறு பதிவும் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். ட்விட்டரில் (இப்போது அதன் பெயர் எக்ஸ்) படத்தின் பெயரைத் தேடினால் முதலில் திறப்பது ‘டாப்’. அங்கே அதிகம் பகிரப்பட்டவை மேலே நிற்கும். அதிகம் பகிரப்படுவது கோபமும் கிண்டலும். ‘சரி, வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதியவரின் பதிவு அங்கே வராது. ‘லேட்டஸ்ட்’ பக்கம் போய்க் கீழே இறங்க வேண்டும். முறையாகச் செய்வதென்றால் லேட்டஸ்டில் 200 பதிவு எடுத்து, செய்தி நிறுவனங்களையும் தானாகப் பதிவு போடும் பாட் கணக்குகளையும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போடுபவர்களையும் கழித்து, மிச்சத்தை வருத்தம், மகிழ்ச்சி, காத்திருப்பு, கிண்டல் என்று கோடு போட்டு எண்ண வேண்டும். கிண்டலைப் பாராட்டாக எண்ணிவிடாமல் இருக்க, எழுதியவரின் பழைய பதிவுகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இருவர் உட்கார்ந்தால் நாற்பது நிமிடம். அவள் கேட்டது அந்த நாற்பது நிமிடத்தைத்தான். கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தாலும் வந்திருக்கும் தலைப்பு ‘ரசிகர்கள் இரண்டு பட்டனர்’ என்பதாகத்தான் இருக்கும். அது யாருக்குப் புதிய செய்தி என்றும் தோன்றுகிறது.

படம் வந்தது. பார்வையாளர் கணக்கு 86 சதவீதம். அவள் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாள், ஒரு வார்த்தையும் எழுதாமல். எண்ணிக்கையும் நேரமும் சேர்த்து வெட்டப்பட்டிருந்தது.

நான் பதிலுக்கு சினிமாஸ்கோரை அனுப்பினேன்: பி பிளஸ். ‘தி லாஸ்ட் ஜெடை’ வாங்கிய ஏ-வுக்குக் கீழே. இரண்டு அளவுகோலும் எதிரெதிராகப் பேசின. அதற்கும் காரணம் இருக்கிறது. 2017இல் ராட்டன் டொமேட்டோஸில் படம் பார்க்காதவரும் ஓட்டுப் போடலாம். 2019 மே மாதத்திலிருந்து டிக்கெட் வாங்கியதைச் சரிபார்த்த ஓட்டுகளைத்தான் முதன்மை எண்ணாகக் காட்டினார்கள். பிப்ரவரியிலேயே, வெளியீட்டுக்கு முன் காட்டும் ‘பார்க்க விருப்பம்’ சதவீதத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் 40ஐயும் 86ஐயும் பக்கத்தில் வைத்து, ரசிகர்கள் இதைத்தான் அதிகம் விரும்பினார்கள் என்று எழுதுவது தவறு. அந்த 86 பல நாள் நகராமல் நின்றதால் அதன்மேலேயே சந்தேகம் கிளம்பி, எண் சரியானதுதான் என்று அந்தத் தளம் சொல்ல வேண்டி வந்தது. இதையெல்லாம் நீளமாக அவளுக்கு எழுதினேன். “ஓகே சார்” என்று பதில் வந்தது.

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, அவள் 86ஐ வைத்து வாதாடவே இல்லை. பார்வையாளர் கணக்கு 30 என்று வந்து என் தலைப்பு பலித்திருந்தாலும் அவள் கேள்வி அப்படியே நின்றிருக்கும். நான் அதற்கு இரண்டாவது முறையாகவும் பதில் சொல்லாமல் வேறு எதையோ நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

தலைப்பை அன்று மாலையே ‘சில ரசிகர்கள்’ என்று மாற்றியாயிற்று. உள்ளே மாறும்; லிங்க்கில் இருக்கும் சொற்கள் மாறாது, ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் பகிரப்பட்ட அட்டைகளிலும் பழைய தலைப்பே நிற்கும். இப்போதும் பெரிய படத்துக்குத் தடை நீங்கும் நாளில் ‘டாப்’ பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறேன். பிறகு லேட்டஸ்டுக்குப் போகிறேன். இருபது, முப்பது பதிவு வரை எண்ணுகிறேன். 200ஐ ஒரு நாளும் எட்டியதில்லை. ‘சில’ என்ற சொல்லைச் சில நாள் சேர்க்கிறேன். சில நாள், இடம் போதவில்லை என்று எடுத்துவிடுகிறேன்.