துளை அளவுக்கும் கொள்முதல் பிரிவுக்கும் என்ன தொடர்பு?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்களைக் கடைந்து தரும் சிறு நிறுவனம் ஒன்றில் நான் தரப் பிரிவைக் கவனித்து வந்தபோது, எல்லாப் பிரிவுகளும் தரத்துக்குப் பொறுப்பேற்கும் முழுமைத் தர மேலாண்மையைச் செயல்படுத்தியாக வேண்டும் என்று எங்கள் வாடிக்கையாளர் நிபந்தனை விதித்தார். அருகிலிருக்கும் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-லேயே தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றிருந்ததால், அந்தச் சொல் எங்கள் பகுதிக்குப் புதிதன்று. ஆயினும் தரம் என்பது ஆய்வறையின் வேலை என்றே, நான் உட்பட, அனைவரும் எண்ணியிருந்தோம்.

முதல் சில மாதங்கள் தரையில் மஞ்சள் கோடு போடுவதிலும் அலமாரிகளுக்குப் பெயர் ஒட்டுவதிலும் கழிந்தன. வேலை உண்மையில் தொடங்கியது புஷ் என்னும் குழல் வடிவ உதிரிபாகம் ஒன்றின் துளையில்தான்.

எச்7 என்ற துளை அளவுத் தரநிலைப்படி 25 மில்லிமீட்டர் துளை 21 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் பெரிதாகக் கூடாது. ஓர் இரவு ஷிஃப்டில் கடைந்த பீஸ்களிலோ துளையைச் சோதிக்கும் கேஜின் நோ-கோ முனை, அதாவது சரியான துளைக்குள் நுழையவே கூடாத முனை, தடையின்றி உள்ளே போயிற்று. ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று நான் எழுதிய அறிக்கையை ஏற்க மறுத்த வாடிக்கையாளர் தரப்பு வழிகாட்டி, எல்லாப் பிரிவினரையும் உட்கார வைத்து ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போகச் சொன்னார்.

இன்சர்ட் என்னும் மாற்றத்தக்க வெட்டுமுனை தேயத் தேயத் துளை சிறுத்துவிடும் என்பதால், அதை ஈடுகட்ட இயந்திரத்தில் கொடுக்கும் திருத்த அளவான ஆஃப்செட்டைச் சிறிது சிறிதாக ஏற்றி வந்ததாகவும், புது இன்சர்ட் மாட்டியபோது அதை இறக்க மறந்துவிட்டதாகவும் ஆபரேட்டர் ஒப்புக்கொண்டார். “முன்பு ஷிஃப்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும் சார், இப்போது மூன்று முறை மாற்றுகிறோம்” என்று அவர் சொன்னபோதுதான், விலை குறைந்த இன்சர்ட்டுக்குக் கொள்முதல் பிரிவு மாறியிருந்தது எனக்குத் தெரிந்தது. வாங்கும் விலையைக் குறைப்பதே அவர்களுடைய ஆண்டு இலக்கு; வீணான பீஸ்களின் செலவு உற்பத்திப் பிரிவின் கணக்கில் ஏறியது. இலக்கை எட்டியதற்காகப் பாராட்டுப் பெற்றிருந்த கொள்முதல் மேலாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறித்த எண்ணிக்கை முடிந்ததும் இயந்திரம் நின்றுவிட வேண்டும், ஆஃப்செட்டைச் சரிசெய்து முதல் பீஸை அளந்த பிறகே மீண்டும் ஓட வேண்டும் என்ற யோசனை அந்த ஆபரேட்டருடையது. அதை ஒரே வாரத்தில் செய்து முடித்தோம். இன்சர்ட்டின் விலையை அது கடையும் பீஸ்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து இலக்கை மாற்றுவதற்கு முதலாளியைச் சம்மதிக்க வைக்கத்தான் இரண்டு மாதங்களாயின. பழைய இன்சர்ட்டுக்கு மீண்டும் ஆர்டர் கொடுப்பதற்கு முன் கொள்முதல் மேலாளர் ஷெட்டுக்கே வந்து, ஒரு முனை எத்தனை பீஸ் தாங்குகிறது என்று ஆபரேட்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.