காடாத் துணியில் பிடித்தது, பாலியஸ்டரில் உரிந்தது

அண்ணன் மகளின் பள்ளிப் பையில் அவள் பெயரை த்ரீடி பிரிண்டரில் நேராகத் துணிமேலேயே அடித்துக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்த வேலை, மூன்று வாரமாக இழுக்கிறது. முதல் முயற்சி பிஎல்ஏ (பிரிண்டர் உருக்கி அடிக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்), பளபளப்பான பாலியஸ்டர் துணி. நகத்தால் நெம்பியதும் ஸ்டிக்கர் மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

அடுத்து காடாத் துணி. அதே பிஎல்ஏ, அதே 210 டிகிரி. மல்லுக்கட்டித்தான் உரிக்க முடிந்தது. உரித்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் ஊடும் பாவும் அச்சாகப் பதிந்து, பஞ்சுப் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. பாலியஸ்டரில் அடித்ததன் அடிப்பக்கமோ வழவழ. பசை மாதிரி ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை இது, உருகிய பிளாஸ்டிக் நூலிடுக்கில் இறங்கி இறுகிப் பிடிக்கிறது.

அப்படியென்றால் நன்றாக அழுத்தி இறக்கவேண்டும். துணி 0.4 மி.மீ. தடிப்பு என்பதால் நாசிலையும் (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனை) அவ்வளவு உயர்த்தி வைத்திருந்தேன், அங்கேதான் தப்பு. 0.05 மி.மீ. வீதம் இறக்கி, 25 மி.மீ. அகலப் பட்டைகளாக அடித்து, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்தேன். 600 கிராமில் உரிந்துகொண்டிருந்தது, 0.15 இறக்கியதும் ஒன்றரைக் கிலோ தாங்கியது. இன்னும் இறக்கினால் நாசில் துணியை இழுக்கிறது, பிளாஸ்டிக்கைத் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் டக் டக் என்று அடித்துக்கொள்கிறது, போதும்.

கடைத் துணியில் கஞ்சி இருக்கும், முதலில் அலசிக் காயவைத்துவிடுங்கள். இதை நான் கடைசியில்தான் செய்தேன்.

பிஎல்ஏ விறைப்பானது, துணி மடங்கும்போது எழுத்தின் மூலை தூக்கிக்கொள்கிறது. டிபியு என்கிற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் துணியோடு சேர்ந்து வளைவதால் நான்கு தடவை துவைத்தும் அப்படியே இருக்கிறது. துவைத்ததைத் தேய்க்கிறேன் என்று அம்மா பிஎல்ஏ அடித்த துண்டின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டார், 60 டிகிரியிலேயே இளகுகிற சாமான், பெட்டியின் அடியைச் சுரண்ட எனக்கு அரைமணி நேரம்.

பாலியஸ்டரை விட மனசில்லாமல், கண் பெரிய நெட் துணியில் வேறு வழி பார்த்தேன்: இரண்டு லேயர் அடித்துவிட்டு நிறுத்தி, மேலே நெட்டை இழுத்துக் கிளிப் போட்டு, மிச்சத்தை அடித்தால் கண்கள் வழியாகப் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்துவிடுகிறது. தராசை மாட்டி இழுத்தபோது எழுத்து அசையவில்லை, நெட்தான் கிழிந்தது.