படுவான்கரையில் கச்சானுக்கு மானியம் எடுத்த அனுபவம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் மேட்டுநிலத்தில் கச்சான் (நிலக்கடலை) செய்கிற பெண்கள் நாங்கள். சூரிய சக்தியில் ஓடும் நீர்ப்பம்பி, சொட்டுநீர்க் குழாய், கச்சான் காயவைத்து வறுத்துப் பொதி செய்ய ஒரு கொட்டில் ஆகியவற்றுக்காக ஒரு மானியத் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். நீண்ட அலைச்சலுக்குப் பிறகு கிடைத்தது. எங்கள் பெண்கள் சங்கத்தின் செயலாளர் நான் என்பதால் படிவம், கடிதம், கோப்பு எல்லாம் என் கையால்தான் போயின. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இதே வேலையில் இறங்கப்போகும் பெண்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பங்கு கார்த்திகை, மார்கழி, தை மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் கச்சான் காற்று என்கிற வரண்ட தென்மேற்குக் காற்று எழும்பினால் மேட்டுநிலத்துக்குக் கிணற்றை விட்டால் வழியில்லை. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது சோளன் மஞ்சளித்துப் போனது. கச்சான் தாக்குப்பிடித்தது, வேர் முடிச்சில் நைதரசனைத் தானே சேர்க்கிற பயிர் அது. 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் பம்பி நின்றபோது அதுவும் தோற்றது. பூத்து, காயாகப் போகிற ஊசி மண்ணுக்குள் இறங்குகிற நேரத்தில் ஈரம் இல்லாவிட்டால் கொடி பச்சையாகத்தான் நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் பொக்குக் கோதாக இருக்கும். ‘காலநிலைக்கு உகந்த விவசாயம் என்று எதைச் செய்யப்போகிறீர்கள்?’ என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் இந்த இரண்டு வருடக் கதையைத்தான் எழுதினோம்.

பெரிய தடை காணி. எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது வழமை, அதனால் வீட்டு உறுதியில் பெண்ணின் பெயர் இருக்கும். மேட்டுநிலம் அப்படியல்ல. எங்களுடையது அரச அனுமதிப்பத்திரக் காணி, பெரும்பாலும் கணவர் பெயரில். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, தனக்குப் பின் யாருக்கு என்று பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால், வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகன்தான் நின்றான். 2022 இல் வந்த திருத்தம்தான் அதை மாற்றியது. நல்ல கிணறு இருந்த காணி எங்கள் உறுப்பினர் ஒருவரின் கணவருடையது, அவர் கட்டாரில். அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி குத்தகைக்குக் கொடுக்க முடியாது, பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். அந்தக் கணவர் லீவில் வந்த நேரம் பார்த்து சம்மதக் கடிதம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குக் கொண்டுபோனோம். இந்த ஒரு கடிதத்துக்குப் போன காலம் மற்ற எல்லாக் கடதாசிக்கும் போன காலத்தை விட அதிகம்.

பிறகு மானியத் திட்டத்திலிருந்து கள ஆய்வுக்கு வந்தார்கள். எத்தனை பெண் உறுப்பினர் என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தோம். வந்த உத்தியோகத்தர் மிஸ் எங்களோடு பாயில் உட்கார்ந்து, “போன வருசம் கச்சான வித்தது ஆரு? காச வாங்கினது ஆரு?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூத்த அக்கா ஒருவர்தான் சொன்னார்: “வித்தது அவர், மிஸ். காசு வாங்கினதும் அவர்தான். புல்லுப் புடுங்கினது, தண்ணி கட்டினது, ஆய்ஞ்சது நாங்க.” நல்ல காலம், முந்திய போகத்தில் யார் எந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்தார் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தோம். மிஸ் அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். சங்கப் பெயரில் வங்கிக் கணக்கு, விற்ற காசு அதற்குள், இரண்டு பெண்களின் கையொப்பம் இல்லாமல் எடுக்க முடியாது என்ற ஏற்பாடு அன்றைக்கே முடிவானது. தலை எண்ணுகிற திட்டங்கள் ஊருக்குள் நிறைய வந்து போயிருக்கின்றன. காசு யார் கைக்குப் போகிறது என்று கேட்கிற திட்டம்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

பம்பி விசயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய பம்பியைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண ஒரு ஆண் துணை வேண்டும். பகல் முழுக்க அவருக்காகக் காத்திருந்து பொழுதுபடுகிற மைமலில்தான் தண்ணீர் பாய்ச்சுவோம். யானை இறங்குவதும் அந்த நேரம்தான். சூரியப் பம்பி பகலில் தானாக ஓடும். ஆனால் முதலில் தந்த வரைபடத்தில் தண்ணீர்த் தாங்கி இல்லை. பம்பியிலிருந்து நேரே குழாய்க்கு. அப்படியென்றால் உச்சி வெயிலில் காணிக்குள் நிற்க வேண்டும், அடுப்படி வேலையும் பிள்ளை பள்ளியால் வருவதும் அதே நேரம். பகலில் தாங்கி நிரம்பட்டும், விடியக் காலையில் வால்வைத் திறந்தால் போதும் என்று கேட்டோம். செலவு கூடும் என்றார்கள். தாங்கிக்கு மேடை கட்டும் வேலையை நாங்களே பொறுப்பேற்றோம். இப்போது ஆறு மணிக்குத் திறந்துவிட்டு வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். வடிகட்டியைக் கிழமைக்கு ஒரு தரம் கழுவாவிட்டால் சொட்டுத் துளை அடைத்துவிடும், அது ஒன்றுதான் கவனம்.

மானியத்தோடு நாங்கள் போட வேண்டிய பங்குப் பணத்துக்கு ஒரு வங்கியில் கடன் கேட்டபோது அரச உத்தியோகத்தர் இருவரின் பிணை கேட்டார்கள். அப்படி ஆள் எங்களுக்கு இல்லை. சங்கத்துக்குள் கடன் கொடுத்துத் திருப்பி எடுக்கிற சுழற்சி நிதியில் ஒரு பகுதியும், மிச்சத்தை உடல் உழைப்பாகவும் கொடுத்தோம். அந்த உழைப்புக் கணக்கில் ஊர் வழக்கப்படி பெண்ணின் நாட்கூலி ஆணுடையதை விடக் குறைவாகப் போடப்பட்டிருந்தது. ஒரே கிடங்கைத்தான் வெட்டுகிறோம், ஒரே கூலி போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். மாற்றினார்கள். பங்குத் தொகையில் அது நல்ல வித்தியாசம் காட்டியது, நீங்களும் பார்த்துக் கொள்ளுங்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, மூன்று விலைக்கோரல் எல்லாம் வழமையான வேலைகள், நடந்தால் முடியும். காயவைப்பதில்தான் கண் வேண்டும். 2024 தை மாதம் மாதிரி அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் கச்சான் பூஞ்சணம் பிடிக்கும், அதில் வரும் அஃப்ளாடொக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. பொலித்தீன் கூரைக்குக் கீழே தட்டில் பரப்பி, கோதைக் காதருகே ஆட்டினால் பருப்புக் கலகலக்கும் வரை விடுகிறோம். எந்தக் காணிக் கச்சான் என்று தெரிய ஒவ்வொரு பொதியிலும் தொகுதி இலக்கம் போடுகிறோம்.

அன்றைக்கு மிஸ்ஸுக்குப் பதில் சொன்ன அக்காவின் கணவர் பிறகு காலமாகிவிட்டார். அனுமதிப்பத்திரத்தை அக்காவின் பெயருக்கு மாற்றும் கோப்பு இன்னும் காணிக் கிளையில் இருக்கிறது, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். விண்ணப்பம் கோரி அறிவித்தல் வந்தால் சில கிழமைதான் தவணை தருவார்கள். காணிக் கடிதம் அதற்குள் வராது, அதை இப்போதே தொடங்கி வையுங்கள்.