பள்ளத்துல தண்ணி

கோயம்புத்தூர் பக்கம், கோவில்பாளையம் தாண்டி, தரைப்பாலத்துல வண்டிய நிறுத்திட்டேன். கௌசிகாவுல தண்ணி!

எங்க ஊர்ல யாரும் அதை நதின்னு சொல்றதில்ல. பள்ளம்தான். வருசத்துல பாதி நாள் சீமைக்கருவேலமும் பழைய செருப்பும்தான் கிடக்கும்.

முதல்ல வந்தது தண்ணியே இல்ல. காஞ்ச சருகு, நுரை, ஒரு தேங்காத் தொட்டி. அதுக்குப் பின்னாடிதான் செம்மண் கரைஞ்ச தண்ணி, டீ நிறத்துல.

பக்கத்துல நின்ன அப்புச்சி ஒருத்தர் நிறத்தைப் பார்த்தே சொல்லிட்டார்: "இது குருடிமலைத் தண்ணி இல்ல கண்ணு, நடுவால காட்டுல பெஞ்சது. மலைத் தண்ணி வர இன்னும் நேரமாகும்."

யோசிச்சா வேடிக்கை. வடக்கே இருக்கிற மேட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த துளி பவானிக்குப் போயிரும். இந்தப் பக்கம் விழுந்தது கௌசிகா, அப்புறம் நொய்யல். ஒரு சாண் தள்ளி விழுந்ததுக்கு இவ்வளவு சுத்து.

பவானி கூடுதுறையில காவிரியில சேருது. கொடுமுடிக்கும் கீழே, நொய்யல்ங்கிற ஊர்கிட்ட நொய்யல் ஆறும் காவிரியில வந்து சேரும். பிரிஞ்ச ரெண்டு துளியும் அங்கதான் மறுபடி பார்த்துக்கும். வழியில எந்தக் குளமும் பிடிச்சு வச்சுக்கலைன்னா.

தேங்காத் தொட்டி மட்டும் பாலத்துக்கடியில சிக்கிக்கிச்சு.