தெல்லிப்பழையில் பொருத்து வீட்டுக்கு நிலம் ஆயத்தம் செய்த கதை

பொருத்து வீடு, அதாவது கம்பனியில் துண்டு துண்டாகச் செய்து வந்து காணியில் பூட்டுகிற இரும்புச் சட்ட வீடு, என்றதும் ஊரில் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான்: வெக்கையா, எவ்வளவு காசு முடிந்தது. நிலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்களுக்கோ வீட்டைப் பொருத்திப் பூட்டியதைவிட நிலத்தை ஆயத்தம் செய்யத்தான் பல மடங்கு காலமும் யோசனையும் போனது. யாழ்ப்பாணத்து நிலத்தில் இப்படி ஒரு வீடு வைக்க நினைப்பவர்கள், வீட்டுக்கு முற்பணம் கட்ட முன்னர் இதை வாசித்தால் நல்லது.

எங்களுடையது நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர், காணி. 1990இல் விட்டுப் போனது, பிறகு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது, விடுவித்த பிறகு போய்ப் பார்த்தால் பற்றைக்காடு. வேலி இல்லை, கதியால் இல்லை, எல்லைக்கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கண்ணிவெடி அகற்றிய பகுதிதான் என்பதைக் கிராம சேவகரிடம் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் பற்றை வெட்டவே ஆள் விட்டோம். பாழ்கிணற்றையும் அப்படி விசாரிக்காமல் இறைக்கக் கூடாது, உள்ளே என்ன கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. நில அளவையாளர் வந்த அன்று பக்கத்துக் காணிக்காரர்களையும் வரச் சொன்னோம். கிழக்குப் பக்கத்து மாமி, "தம்பி, அந்தப் பூவரசு எங்கட எல்லையில நிண்டது, அதில இருந்து அளவுங்கோ" என்று அடிமரத்தைக் காட்டினா. பழைய பிளானோடு பொருந்தியது. புதுக்கல் நட்டு, எல்லோரும் நின்று பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு எந்தச் சண்டையும் வரவில்லை. காணி அப்பாவின் பெயரில் இருந்ததால் சகோதரங்கள் எல்லோரும் கையெழுத்து வைத்துக் காணி உறுதியை (பத்திரத்தை) மாற்றித்தான் பிரதேச சபைக்குப் பிளான் கொடுக்க முடிந்தது. ஆட்கள் கனடாவிலும் லண்டனிலும் இருந்தால் இந்த வேலையை முதல் நாளே தொடங்குங்கள், எல்லாவற்றிலும் மெதுவாக நகர்வது இதுதான்.

காணியில் நின்ற பெண் பனையைத் தறிக்கவும் அனுமதி வேண்டும். நாங்கள் தறிக்கவே இல்லை, வீட்டைத் தள்ளி வைத்தோம்.

சரி, மண்ணுக்கு வருவோம். தெல்லிப்பழை இருக்கிற வலிகாமத்தில் மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். செம்மண் எவ்வளவு ஆழம் என்பது பத்தடிக்கு ஒரு விதம். வீடு வரப்போகும் இடத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் அலவாங்கால் குழி போட்டுப் பார்த்தோம். ஒரு மூலையில் ஓரடியிலேயே கல் இடித்தது, எதிர் மூலையில் நாலடி போயும் மண்தான். ஒரு குழியில் கல்லைத் தட்டினால் சத்தம் பொள்ளலாகக் கேட்டது. மழைநீர் காலங்காலமாகக் கரைத்துக் கரைத்து இந்தக் கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும் உண்டாக்கி வைத்திருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறும் அப்படி உண்டானதுதான். தெரிந்த பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து, பொந்துக்கு மேலே இருந்த மெல்லிய கல்தட்டை உடைத்து, பெரிய கல்லும் கொங்கிறீற்றும் போட்டு இறுக்கி, மேலால் கம்பி கட்டிய பீம் ஓடவிடச் சொன்னார். இரும்புச் சட்ட வீடு பாரம் குறைந்தது, அத்திவாரம் சும்மா போட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் கல்லிலும் மறுபக்கம் மண்ணிலும் நிற்கிற வீடு பாரம் குறைந்ததானாலும் ஒரு பக்கம் இறங்கத்தான் செய்யும். அதோடு பாரம் குறைந்த வீட்டைக் காற்றுத் தூக்கப் பார்க்கும், அதைப் பிடித்து வைப்பதும் அத்திவாரம்தான். 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தபோது இங்கே எழுந்த எதிர்ப்பில் அத்திவாரமும் வெக்கையும் முக்கியமான பேச்சாக இருந்தன. அந்தக் கேள்விகள் நியாயமானவை, தனியாளாகக் கட்டுகிறவரும் அவற்றுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

நான் அதிகம் கவலைப்பட்டது மலக்குழிக்குத்தான். குடிக்கிற தண்ணீர் கிணற்றில், மலக்குழியும் அதே காணியில், இடையில் வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதற்குத் தோட்டத்து உரத்தோடு இந்த மலக்குழிகளும் காரணம். கிணற்றிலிருந்து ஐம்பதடி விட்டால் போதும் என்பார்கள். மணலில் தண்ணீர் வடிகட்டப்பட்டுப் போகும், கல் வெடிப்பில் அப்படியே ஓடும், அதனால் ஐம்பதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கிணறு ஈசான மூலையில் இருந்தது, மலக்குழியைத் தென்மேற்கு மூலைக்குக் கொண்டுபோய் எண்பதடிக்கு மேல் விட்டோம். பக்கத்துக் காணிக் கிணறுகளையும் அளந்து பிளானில் குறித்தோம், வேலிக்கு அந்தப் பக்கம் என்பதற்காகத் தண்ணீர் நிற்கப் போவதில்லை. மார்கழியில் கிணற்று நீர் எந்தப் படி வரை ஏறுகிறது என்று பார்த்து, குழியின் அடி அதற்கு மேலே நிற்கும்படி ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினோம். குழிக்கு முன்னால் வருகிற மலத்தொட்டியை அடியும் பூசி ஒழுகாமல் கட்டச் சொல்லி மேசனோடு வாதாடினேன். அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கார்த்திகை மழையில் குடையோடு போய் நின்று வெள்ளம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்ததும் நல்ல பயன் தந்தது. ஒழுங்கையால் வந்து காணியைக் குறுக்கே வெட்டிப் போனது. அதைக் கணக்கில் எடுத்து வீட்டு நிலத்தை இரண்டடி உயர்த்தி, கிரவலை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்தோம். ஒரேயடியாக டிப்பரால் கொட்டி மட்டம் தட்டினால் ஒரு மாரியிலேயே இறங்கிவிடும்.

வீடு 24க்கு 30 அடி. மூலைவிட்டம் இரண்டும் 38 அடி 5 அங்குலம் வர வேண்டும், வராவிட்டால் சதுரம் இல்லை. கல்வீட்டில் அரை அங்குலம் பிசகினால் மேசன் பூச்சில் சரிக்கட்டுவார், இதில் சட்டத்தில் துளை ஏற்கனவே போட்டு வருகிறது. அதனால் சட்டத்தை அத்திவாரத்தோடு பிடிக்கிற ஆணி வைக்கும் இடங்களைக் கொங்கிறீற் போட முன்னர் பலகைச் சட்டம் அடித்துப் பிடித்து, கம்பனி பிளானோடு நானே மறுபடி மறுபடி அளந்தேன். கொங்கிறீற்றுக்கு உவர்த்தண்ணீர் விடவே கூடாது, கம்பி கறள் பிடிக்கும். எங்கள் கிணறு நன்னீர், கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் பவுசரில் எடுக்கத்தான் வேண்டும். போட்ட பிறகு ஒரு கிழமைக்குக் குறையாமல் சாக்குப் போட்டு நனைத்தோம்.

வெக்கைக்கு நாங்கள் செய்தது, நீளப்பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வைத்ததும், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று நுழைய யன்னல் விட்டதும், மேற்கில் நின்ற வேம்பைத் தொடாமல் விட்டதும்தான்.

கடைசியாக லொறி. நீளமான சட்டங்களோடு வருகிற லொறி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாது. முன்கூட்டியே அகலத்தையும் முடக்கையும் அளந்து கம்பனிக்குச் சொன்னதால் மற்றவற்றைச் சின்ன வாகனத்தில் பிரித்து அனுப்பினார்கள். அப்படி ஏற்ற முடியாதவற்றை மட்டும் பிரதான வீதியில் இறக்கி, லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் கொண்டுவந்தோம். முதலில் பூட்டுகிற சட்டங்கள் கடைசியில் ஏற்றப்பட்டு மேலே இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். சுவர்த் தகடுகள் வந்திறங்கும் இடத்தில் பனங்குற்றிகள் போட்டு, மண்ணில் படாமல் அடுக்கி, தறப்பாளால் மூடினோம். இரும்பு வேலை அடுத்த கிழமையே தொடங்கியது, ஆணி எல்லாம் துளைக்குள் இறங்கியது.