ஏசி வென்ட்டில் பூஸ்ட் மீட்டர்: வளைந்த வளையமும் வியர்த்த கண்ணாடியும்

வண்டி 2-ம் தலைமுறை ஸ்விஃப்ட் டீசல். வேலை, ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் இருக்கும் வட்ட ஏசி வென்ட்டில் 52 மி.மீ. எலெக்ட்ரிக் பூஸ்ட் மீட்டரை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரைப் பொருத்துவது. அரை நாளில் முடிந்திருக்க வேண்டியது, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. பலரும் பயப்படும் வயரிங் பெரிய தொல்லை தரவில்லை. படுத்தி எடுத்தவை இரண்டு: மீட்டரைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையம், அதன் முதுகில் அடிக்கும் குளிர்காற்று.

முதலில் வளையம். ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் 3டி பிரின்ட் அடாப்டர் ஒன்றை "வெப்பம் தாங்கும், ஸ்விஃப்ட்டுக்கு அப்படியே பொருந்தும்" என்று போட்டிருந்தார். வந்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. மே மாத வெயிலில் இரண்டு வாரம் வண்டி வெளியில் நின்றதும் வட்டம் முட்டை வடிவமாகிவிட்டது. மீட்டர் முகம் கீழே பார்த்துத் தொங்கியது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நேரடி வெயிலில் நிறுத்தக்கூடாது" என்று பதில் வருகிறது. டேஷ்போர்டில் வைக்கும் பொருளுக்கு இப்படி ஒரு நிபந்தனை! அதை விளம்பரத்திலேயே போட்டிருந்தால் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

காரணம் எளிது. அந்த வளையம் 3டி பிரின்ட்டில் சாதாரணமாகப் பயன்படும் பி.எல்.ஏ. (PLA) பிளாஸ்டிக். 60 டிகிரியை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். இன்னொரு பிரின்ட் பிளாஸ்டிக்கான பி.இ.டி.ஜி. (PETG) சுமார் 80 டிகிரி வரை நிற்கும், அதுவும் விளிம்பில்தான். நம் ஊர் வெயிலுக்கு ஏ.பி.எஸ். (ABS) அல்லது ஏ.எஸ்.ஏ. (ASA) பிளாஸ்டிக் மட்டுமே சரி, இரண்டும் 100 டிகிரி வரை வடிவம் மாறாது. கையில் இருக்கும் வளையம் எந்த ரகம் என்று சந்தேகமா? தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு 70 டிகிரி அளவுக்கு வந்ததும் வளையத்தை ஐந்து நிமிடம் போடுங்கள். எடுத்து இரண்டு விரலால் அழுத்தும்போது ரப்பர் மாதிரி வளைந்தால் அது டேஷ்போர்டுக்கு ஆகாது. பொருத்தும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

இரண்டாவது வளையத்தை ஏ.எஸ்.ஏ.வில் பிரின்ட் செய்யக் கொடுத்தோம். சுவர் தடிமன் 3 மி.மீ., உள்விட்டம் 53 மி.மீ. மீட்டரின் உடம்பைச் சுற்றி அரை மி.மீ. ஃபெல்ட் டேப் ஒரு சுற்று ஒட்டினால் ஆடாது, கரகர சத்தமும் வராது. வெளி அளவை விளம்பரத்தை நம்பிக் கொடுக்காதீர்கள். 2005, 2011, 2018 மூன்று தலைமுறைக்கும் விற்பவர்கள் "ஸ்விஃப்ட்" என்றுதான் எழுதுகிறார்கள். வென்ட்டைக் கழற்றி, வெர்னியர் அளவுகோலால் அளந்து, அந்த எண்ணைக் கொடுங்கள். ஆழத்தையும் அளக்க வேண்டும். மீட்டரின் நீளத்தோடு பின்னால் கனெக்டருக்கும் வயர் வளைவுக்கும் 20 மி.மீ. விடாவிட்டால், குழாய் வளைகிற இடத்தில் கனெக்டர் முட்டி மீட்டர் முழுதாக உள்ளே போகாது.

ஒரிஜினல் வென்ட்டை அறுக்க வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய வென்ட் ஒன்றை வாங்கி அதில் வேலை செய்யலாம். வண்டியை விற்கும்போது ஒரிஜினலைத் திரும்ப மாட்டிவிடலாம். கழற்ற பிளாஸ்டிக் நெம்புகோல் போதும், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஏசியில் குளிர்ந்த பிளாஸ்டிக்கை உடனே நெம்பினால் கிளிப் உடையும். வண்டியைக் கால் மணி நேரம் வெயிலில் விட்டுவிட்டு நெம்புங்கள்.

மீட்டரோடு வரும் அழுத்த சென்சாரை இன்ஜின் பக்கமே வைத்தோம். அதனால் கேபினுக்குள் வயர் மட்டும்தான் வருகிறது, காற்றுக் குழாய் இல்லை. அழுத்தம் எல்லை மீறாமல் டர்போவைக் கட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்ன ஹோஸில், ‘T’ வடிவ இணைப்பு போட்டு சென்சாருக்குக் காற்று எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. அங்கே கசிவு வந்தால் வேஸ்ட்கேட் நேரத்துக்குத் திறக்காது, பூஸ்ட் எல்லை மீறும். இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டில் வண்டியோடு வந்த அழுத்த சென்சார் இருக்கும்; அதற்கு அடியில் வைத்து ஹோஸ் எடுக்கும் அடாப்டர் தட்டு கிடைத்தால் அதுவே பாதுகாப்பு. 4 மி.மீ. உள்விட்ட சிலிகான் ஹோஸ், இரண்டு முனையிலும் கிளாம்ப். சென்சார் வாய் கீழே பார்க்கட்டும், ஹோஸ் அதிலிருந்து கீழிறங்கட்டும். டீசலின் எண்ணெய்ப் பசை சென்சாருக்குள் தேங்காது.

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரான ஃபயர்வாலில் புது ஓட்டை தேவையில்லை. மெயின் வயரிங் போகும் ஓட்டையை மூடும் ரப்பர் வளையமான கிராமெட்டில் சின்னதாகக் கீறி, சோப்புத் தண்ணீர் தடவி, கெட்டிக் கம்பியோடு சேர்த்து இழுத்தால் வயர் வந்துவிடும். கனெக்டர்தான் வராது. அதன் பின்களைக் கழற்றித்தான் இழுக்க வேண்டும்; கழற்றும் முன் நிற வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் மூன்று வயர்கள் 5 வோல்ட், சிக்னல், எர்த். முதல் இரண்டும் இடம் மாறினால் முள் ஒரே ஓரத்தில் ஒட்டி நிற்கும், மீட்டரே போய்விட்டது என்று தோன்றும். மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீர்கள், அது ஏர்பேக். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிய பிறகே கையை உள்ளே விடுங்கள்.

மீட்டருக்கு நான்கு வயர்: நிலையான 12 வோல்ட், சாவி போட்டால் வரும் 12 வோல்ட், பார்க் லைட்டோடு எரியும் லைட் வயர், எர்த். நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியில் வரும் தாளையும் மல்டிமீட்டரையும் மட்டும் நம்புங்கள். மீட்டர் முழுவதையும் நிலையான லைனில் போட்டுவிட்டால் அது அணையவே அணையாது. 0.15 ஆம்ப் இழுக்கும் மீட்டர் நாளுக்கு 3.6 ஆம்ப்-மணி தின்னும்; ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஃபியூஸ் பெட்டியிலிருந்தே தனி லைன் எடுக்க உதவும் ஃபியூஸ் டேப்பில் (fuse tap) 2 ஆம்ப் ஃபியூஸ் போட்டு எடுத்தோம். ஒரிஜினல் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றும் வேலை கூடவே கூடாது.

எல்லாவற்றையும் மூடும் முன் ஒரு சோதனை. 20 மி.லி. சிரிஞ்சை 20 வரை இழுத்து, 10 செ.மீ. ஹோஸ் வழியாகச் சென்சாரில் மாட்டி, 10 வரை அழுத்துங்கள். காற்று பாதியாகச் சுருங்குவதால் முள் 1 பாருக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். அப்படியே பிடித்திருந்தால் நகரக்கூடாது. மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு. எங்களுக்கு இறங்கியது. சென்சார் முனையில் கிளாம்ப் சாய்ந்திருந்தது. டேஷ்போர்டை மூடிய பிறகு தெரிந்திருந்தால் இன்னொரு நாள் போயிருக்கும்.

டீசலில் ஐடிலில் முள் 0-வை ஒட்டியே நிற்கும். பெட்ரோல் வண்டி வீடியோக்களில் மைனஸ் 0.6, 0.7 வரை போவதைப் பார்த்துவிட்டு மீட்டரைத் திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அது, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் மூடுவதால் வரும் வெற்றிடம். டீசலில் எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசித் தொல்லை குளிர்காற்று. எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்த அன்று, ஏசியை அணைத்துக் கண்ணாடி இறக்கிய இரண்டாவது நிமிடம் மீட்டரின் கண்ணாடிக்கு உட்புறம் பனி படர்ந்தது. வென்ட்டுக்கு வரும் காற்று மீட்டரின் முதுகை மணிக்கணக்கில் குளிரவைக்கிறது. வெளியிலிருந்து கடலோர ஈரக்காற்று நுழைந்ததும் அதன் இடுக்குகளில் நீராகிவிடுகிறது. இது கண்ணாடியோடு நிற்காது, உள்ளே இருக்கும் சர்க்யூட்டையும் அரிக்கும்.

தீர்வு, குழாயை மீட்டருக்குப் பின்னால் அடைப்பது. பஞ்சு வேண்டாம், அது ஈரத்தைக் குடித்து நாறும். ஈரத்தை உறிஞ்சாத மூடிய துளை (closed-cell) ஃபோமை 25 மி.மீ. தடிமனில், குழாயைவிட 3 மி.மீ. பெரிதாக வெட்டி அழுத்தி வைக்க வேண்டும். வயரைக் குழாயின் அடிப்பக்கம் 8 மி.மீ. துளை போட்டு, கிராமெட்டோடு வெளியே எடுங்கள். துளைத்த தூளை வேக்குவம் வைத்து உறிஞ்சிவிடுங்கள்.

இங்கேதான் இன்னொரு ஞாயிறு போனது. பல கார்களில் ஓர வென்ட்டுக்குப் போகும் குழாயிலிருந்தே கதவுக் கண்ணாடியின் பனி நீக்கும் காற்றும் பிரிகிறது. ஃபோமை ஆழமாகத் தள்ளினால் அதுவும் அடைபடும். மழையில் வலப்பக்க மிரர் தெரியாது. எங்கள் ஃபோம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. பனி நீக்கும் டீஃபாக் போட்டு, கதவுக் கண்ணாடி ஓரத்தில் டிஷ்யூ தாளைப் பிடித்துப் பார்த்தோம். தாள் அசையவே இல்லை. ஃபோமை 4 செ.மீ. முன்னால் இழுத்ததும் தாள் படபடத்தது. ஏசியை முழு வேகத்தில் வைத்து நாற்பது நிமிடம் ஓட்டி, கண்ணாடியை இறக்கினோம். மீட்டரில் ஒரு புள்ளி பனிகூட இல்லை.